தட்டு விழுந்த சத்தம்

சேசு மரி சூசை

ஆரணி
20-1-1998

அன்புள்ள அக்கா அமலோற்பவம் அவர்களுக்கு,

தம்பி பவுல்துரை எழுதுவது. இங்கே நானும் ஜெயசீலியும் குழந்தை ஷெரினும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்கள், மச்சான், நான்சி மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மச்சானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஓசூர்க் குளிரில் விடியற்காலை பால் வாங்க அவரை விரட்டாதீர்கள்.

உங்கள் வீட்டுக்குப் போன் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். நம்பரைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்குப் போன் ஒத்துவராது அக்கா. பூத்தில் போய் நின்றால் முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர், அத்தனை பேரும் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பேசியது பேசின இடத்திலேயே போய்விடும். கடிதம் என்றால் நாலு தடவை எடுத்துப் படிக்கலாம். அதிலும் உங்களுடையது டீச்சர் கையெழுத்து. ஆகவே எனக்குக் கடிதமே போடுங்கள்.

ஷெட்டில் ஒரு மாற்றம். இத்தனை வருஷமாக ஆளுக்கு நாலு பவர்லூம் பார்த்துக்கொண்டிருந்தோம். பொங்கல் கழிந்ததும் ஆறு என்று ஜெயவேல் முதலாளி சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்டு அதேதான். இந்தப் பக்கம் மூன்று தறி, அந்தப் பக்கம் மூன்று தறி, நடுவில் நான். எதிலாவது இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் புடவையில் நெடுகக் கோடு விழுந்துவிடும், அந்தப் புடவை என் தலையில் வந்து விடியும். அதனால் உட்காருவது கிடையாது. சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொள்கிறேன். இளைத்துவிட்டேன் என்று ஜெயசீலி புலம்புகிறாள். தொப்பை போனால் நல்லதுதானே.

கோவில் பாடகர் குழுவை இந்த வருஷம் வேறு ஆளிடம் விட்டுவிட்டேன். தொண்டை சரியில்லை, வேறொன்றும் இல்லை.

நான்சிக்கு வரன் பார்ப்பது எதுவரை வந்திருக்கிறது? விவரமாக எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் பாசமுள்ள தம்பி,
பவுல்துரை

•

ஓசூர்
8-2-1998

அன்புத் தம்பி பவுலுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உன் மச்சான் நாலு நாள் டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து நேற்றுதான் வீட்டுக்கு வந்தார். அது உனக்குத் தெரிந்த விஷயம்தான். நான்தான் உனக்குச் சொன்னேனே.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போன் போட்டு உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ வந்தாய். "பவுலு, மச்சானுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரில சேத்துக்கீது" என்றேன். நீ, "ரொம்ப சந்தோசம்க்கா" என்றாய். "டேய், நான் இன்னா சொன்னேன்?" என்றேன். "சரிக்கா, சரிக்கா, எல்லாம் சௌக்கியம், வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாய். ஆஸ்பத்திரி வராண்டாவில் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அக்காவிடம் இரண்டு நிமிஷம் பேச முடியாத அளவுக்கு அப்படி என்ன ஜல்தி உனக்கு? ஆறு தறி தலையில் ஏறினால் கூடப் பிறந்தவளும் தறி மாதிரி ஆகிவிடுவாளா?

போகட்டும். திருப்பத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் ஆன்சன். இங்கே ஓசூரில்தான் கம்பெனி வேலை. நான்சிக்கும் பிடித்திருக்கிறது. பையனின் அம்மா கெட்டிக்காரி, எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிக் கேட்கிறார். "வம்சத்துல வலிப்பு, ஊமை, செவிடு எதுனா உண்டா?" என்று நேராகவே கேட்டார். நான் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பொய்தான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன். "செவிட்டுச் சின்னப்பன் பொண்ணா? பொறக்கிறதும் அப்படித்தான் பொறக்கும்" என்று எனக்கு வந்த இரண்டு வரன் தட்டிப்போனதை நான் மறக்கவில்லை. நீ அப்போது பத்து வயசுப் பையன், உனக்குத் தெரியாது. அப்பா செத்து இருபது வருஷம் ஆகிறது. அவர் காது அவரோடு போகட்டும். நீயும் வாயைத் திறக்காதே.

என் கல்யாணப் பூசையில் பதினோரு வயதில் நீ பாடினாய். நான்சி கல்யாணத்துக்கும் தாய்மாமன் நீதான் பாட வேண்டும் என்று அவள் இப்போதே சொல்கிறாள். தொண்டைக்குப் பனங்கற்கண்டு போட்டுப் பால் குடி.

ஜெயசீலியையும் ஷெரினையும் கேட்டதாகச் சொல்லவும்.

அக்கா,
அமலோற்பவம்

•

ஆரணி
12-4-1998, ஈஸ்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருப்பதாக. பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். மச்சானுக்கு உடம்பு தேறியதா? அன்றைக்குப் போனில் ஒரே கரகரப்பு. லைன் சரியில்லை. மச்சானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இதற்குத்தான் போன் வேண்டாம் என்றேன்.

ஆன்சன் வரன் நல்ல வரன் என்று தோன்றுகிறது. விடாதீர்கள். அப்பா விஷயத்தைச் சொல்லாமல் விட்டதே சரி. நம் வீட்டில் யாரும் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஆரணிக்கு வந்து விசாரித்தாலும் என் வீட்டுக்கு வர வேண்டாம். எனக்கு வேலை இருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டுக்குப் போகிறேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகக் கேட்டு வாங்கியது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு பேஜாராகிறது. ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டால் நிம்மதி. எதிர் வரிசையில் நம் குப்புராஜ் நிற்கிறான். கையை இப்படிச் சுழற்றினால் டீ, மூக்கைத் தொட்டால் முதலாளி வருகிறார். பன்னிரண்டு மணி நேரமும் வாய் திறக்காமல் ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவோம்.

கழுத்துதான் கொஞ்சம் வலிக்கிறது. முன்னும் பின்னும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் வரும் வலி. தைலம் தேய்த்தால் போய்விடுகிறது.

பாட்டு விஷயம் பிறகு பார்க்கலாம். நான்சிக்கு என் ஆசீர்.

தம்பி,
பவுல்துரை

•

ஆரணி
14-6-1998

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

ஜெயசீலி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருக்கிறோம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன். இந்தக் கடிதம் நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

அண்ணி, எனக்குச் சொல்லி அழ வேறு ஆள் இல்லை. அவர் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எதிரே போய் நின்று கேட்டால் பதில் சொல்கிறார். அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. டி.வி.யை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறார். "இன்னாத்துக்கு இவ்ளோ சத்தம்?" என்று கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார். பூசைக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஷெட்டுதான். ஷிப்டு முடிந்து வந்தால் கை நடுங்குகிறது, டம்ளரில் காப்பி தளும்புகிறது. தூங்கும்போது விரல்கள் மட்டும் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கின்றன. தலைவலி என்று தினம் மாத்திரை போடுகிறார். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன்.

முந்தாநாள் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், நாலடி தூரத்தில், ஷெரின் ஸ்டூலில் ஏறி விழுந்துவிட்டாள். நெற்றி கிழிந்து ரத்தம். "அப்பா, அப்பா" என்று அலறுகிறாள். நான் கொல்லையிலிருந்து துணியைப் போட்டுவிட்டு ஓடிவருகிறேன். அவர் பேப்பரில் அடுத்த பக்கம் புரட்டுகிறார்.

மூன்று தையல் போட்டிருக்கிறது. அவர் அவளைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார், நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக் காட்டிய பிறகு. பெற்ற பிள்ளை அலறினால் திரும்பாத மனுஷனோடு நான் எப்படிக் குடித்தனம் செய்வது? நீங்கள் வளர்த்த தம்பி. நீங்களே கேளுங்கள்.

ஜெயசீலி

•

ஓசூர்
22-6-1998

பவுலுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஜெயசீலி எழுதியிருக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்டாயானால் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன், ஜாக்கிரதை. நீயெல்லாம் ஒரு அப்பனா? ஆறு வயசுக் குழந்தை முதுகுக்குப் பின்னால் ரத்தம் ஒழுகக் கத்துகிறது, நீ பேப்பர் படிக்கிறாய். நம் அப்பாவுக்குக் காது கேட்காது. ஆனால் நாம் அழுதால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். உனக்குக் காது இருந்தும் இப்படி.

வேலை, வேலை என்று ஓடுகிறாயே, யாருக்காக? வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஷெட்டில் நிம்மதி என்று எனக்கே எழுதுகிறாய். வேறு ஏதாவது உண்டா என்றும் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி ஒன்று இருந்தால் என் முகத்தில் முழிக்காதே.

இப்படிப்பட்டவன் என் பெண்ணின் கல்யாணப் பூசையில் பாட வேண்டாம்.

அமலோற்பவம்

•

ஆரணி
1-7-1998

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியது எல்லாம் சரி. நான் கெட்டவன்தான். ஜெயசீலியை ஒன்றும் கேட்கவில்லை. ஷெரினுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது.

பாடாமல் இருப்பதே நல்லது. நான்சியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நிச்சயதார்த்தத் தேதி வைத்தாகிவிட்டதா? அதை மட்டும் எழுதவும்.

பவுல்

•

ஓசூர்
19-7-1998

அன்புள்ள ஜெயசீலிக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? ஷெரினின் தழும்பில் மஞ்சள் போடுகிறாயா?

ஆகஸ்டு பதினைந்து நிச்சயதார்த்தம். அந்த வேலையில் உனக்கு எழுத நேரமாகிவிட்டது. அதோடு, அவனிடமிருந்து வந்த பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என்னோடு சண்டைக்கு நிற்காமல் பவுல் ஒரு கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. நான் இல்லாததையும் சேர்த்துத் திட்டியிருந்தேன். அதற்கும் "சரி" என்கிறான்.

உன் கடிதத்தையும் அவன் கடிதங்களையும் எங்கள் வீட்டுக்காரர் எடுத்துவைத்து மூன்று தடவை படித்தார். அவர் ரொம்பப் பேசுகிறவர் இல்லை என்று உனக்குத் தெரியும். கம்பெனியில் அவர் இருப்பது தகடு அடிக்கிற பிரிவு. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் காது பரிசோதனை உண்டு, காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுப்பார்கள். அதைப் போட்டுக்கொள்ளாத பழைய ஆட்கள் சிலர் இப்படித்தான் ஆனார்களாம். எதிரே நின்றால் வாயைப் பார்த்துப் பதில் சொல்வார்களாம். பின்னால் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்களாம்.

அவர் உன்னை ஒன்று செய்யச் சொல்கிறார். பவுல் உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது, கோபத்தில் இல்லை, சாதாரணமாக, ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடு. தரை அதிராத தூரத்தில் நின்று போடு. என்ன நடந்தது என்று எழுது.

ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அமலோற்பவம்

•

ஆரணி
27-7-1998

அண்ணிக்கு,

தட்டைப் போட்டேன். பெரிய தாம்பாளத்தையே போட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஷெரின் காதைப் பொத்திக்கொண்டாள். எதிர் வீட்டு அபிதகுசாம்பாள் அக்கா, "இன்னாடி ஒடஞ்சிது?" என்று கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார். உங்கள் தம்பி மட்டும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நான் பேசாத பேச்சு இல்லை அண்ணி. கல்நெஞ்சு என்றேன், நாசமாய்ப் போக என்றேன். ஒன்றும் அவர் காதில் விழவில்லை. அது ஒன்றுதான் இப்போது ஆறுதல்.

பிறகு எதிரே போய் உட்கார்ந்து, "காது கேக்கலியா?" என்று கேட்டேன். வாயசைவிலேயே புரிந்துகொண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிடாத, நான்சி கல்யாணம் முடியட்டும்" என்றார். பெண்ணின் தாத்தாவும் செவிடு, மாமனும் செவிடு என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் வம்சத்து வியாதி என்று போய்விடுவார்களாம். "எங்கக்காவுக்கு ரெண்டு எடம் தட்டிப் போச்சு. எனக்குப் பத்து வயசு, தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாங்க. எனக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

ஷெரின் விழுந்த அன்று ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாராம். நான் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

முன்பெல்லாம் தறியின் சத்தம் ஒரு நூல் மாறினாலும் திரும்பாமலே தெரிந்துகொள்வாராம். இப்போது எல்லாம் கண்ணால்தான். ஆறு தறியையும் மாறி மாறிப் பார்த்தாக வேண்டும். பின்னால் ஏதாவது கோளாறு என்றால் குப்புராஜ் அண்ணன் கையைத் தூக்குவாராம். அவர் லீவு போட்டால் இவருக்கு அன்றைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்குமாம். அப்படியும் ஏன் ஞாயிற்றுக்கிழமை போகிறீர்கள் என்று கேட்டேன். "அங்க யாருக்குமே காது வேணாம் சீலி. அந்தச் சத்தத்துல எல்லாரும் வாயப் பாத்துதான் பேசுறோம். அங்க போனா நான் செவிடன் இல்ல" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பாவம் என் தலையோடு போகட்டும்.

ஜெயசீலி

•

ஓசூர்
6-8-1998

என் தங்கத் தம்பிக்கு,

ஜெயசீலியைக் கோபிக்காதே. தட்டைப் போடச் சொன்னது நாங்கள்தான்.

"காது இருந்தும் இப்படி" என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருக்கிறது. நீ ஒரு வரியில் மறுத்திருக்கலாம். கெட்டவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், பைத்தியக்காரா.

இனி நான் சொல்வதை நன்றாகப் படி. உன் காது அப்பாவிடமிருந்து வரவில்லை. அப்பாவுக்கே அது பிறவியில் வரவில்லை. கல்யாணமான புதுசில், களத்தில் படுத்திருந்தபடியே தூரத்து வண்டிச் சத்தத்தை வைத்து யார் வீட்டு மாடு என்று அப்பா சொல்வார் என்பது அம்மா அடிக்கடி சொன்ன கதை. நாம் அதைக் கதையாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் அவர் களம்பூர் ரைஸ்மில்லுக்குப் போனார். முப்பது வருஷம் அரவை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றார். ஊர் செவிட்டுச் சின்னப்பன் என்றது, நாமும் அதை நம்பினோம். பெற்ற மகள் நானே அதை ஒரு களங்கம் மாதிரி மறைத்தேன். அப்பாவின் காதை மில் எடுத்தது, உன் காதைத் தறி எடுத்தது. இதில் வெட்கப்பட நமக்கு என்ன இருக்கிறது?

அதனால் நேற்று ஆன்சனின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். அவர், "வேலையால வந்துதுன்னு டாக்டர் சீட்டு இருந்தா காட்டுங்க. அப்பறம் பேசிக்கலாம்" என்று எழுந்துபோய்விட்டார். பதினைந்தாம் தேதி நிச்சயதார்த்தம் இப்போதைக்கு நின்றிருக்கிறது.

நான்சி அழுதாள். ஆனால் சொன்னது சரி என்றாள். வேலூருக்குப் போய்க் காதைக் காட்டு பவுல்.

அக்கா

•

ஆரணி
14-8-1998

அக்காவுக்கு,

ஏன் சொன்னீர்கள்? யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? இரண்டு வருஷம் பெண்டாட்டியிடம் கல்நெஞ்சன் என்றும் உங்களிடம் கெட்டவன் என்றும் பெயர் எடுத்தது எதற்கு? மறுபடியும் நம் வீட்டுப் பெண்ணின் கல்யாணம் செவிட்டால் நிற்கிறது. இந்தத் தடவை என்னால். சீட்டு எதுவும் எடுக்கப் போவதில்லை. டாக்டர் பரம்பரை என்று எழுதிக்கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. எனக்கு

6-9-1998

மேலே எழுதியதைப் போடாமல் வைத்திருந்தேன். கிழிக்க மனசில்லை, படித்துக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை வேலூர் போய்வந்தேன். எனக்காகப் போகவில்லை, சீட்டுக்காகப் போனேன். ஜெயசீலியும் வந்தாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். மணிச் சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினார்கள். கையைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை தூக்கினேன். அப்புறம் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து முடிந்துவிட்டது என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயசீலி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு மெஷின் சத்தம் வெளியிலேயே கேட்டதாம். ஒவ்வொன்றுக்கும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

இரைச்சலால் கெட்ட காது என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். அப்பாவையும் மில்லையும் பற்றிச் சொன்னேன், அவருக்கும் அதுதான் என்றார். போனது திரும்ப வராது. சத்தத்தைக் குறைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், காது மெஷின் மாட்டிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய சத்தமாக ரத்தக் கொதிப்பைப் பற்றிச் சொன்னார். முப்பத்தாறு வயசில் இந்த அளவு இருக்கக் கூடாதாம். இப்படியே ஓடினால் காதுக்கு முன்னால் வேறு ஏதாவது போய்விடும் என்று காகிதத்தில் எழுதி என் பக்கம் திருப்பி வைத்தார்.

சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சம்பந்தியம்மாளிடம் கொடுங்கள். நாளைக்கு முதலாளியிடம் பேசப் போகிறேன். என்ன ஆகுமோ தெரியாது.

தம்பி

•

ஓசூர்
26-1-1999

அன்புத் தம்பிக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? ஷெரினுக்குச் சளி விட்டதா? கொதிப்பு மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்.

கல்யாண வீடு காலியாகி வெறிச்சென்று இருக்கிறது. நான்சியும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உன் சீட்டைச் சம்பந்தியம்மாள் இன்னமும் தன் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். அன்றைக்கு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும். நாளைக்கு எங்க சைடுல எவனாவது பேசினா காட்டணும்" என்றாரே, அதே மாதிரி ஒரு பெரியப்பாவிடம் காட்டியும்விட்டாராம்.

கல்யாணப் பூசையில் நீ பாடியது மிகவும் நன்றாக இருந்தது. எல்லோரும் சொன்னார்கள். பழைய குரல் அப்படியே இருக்கிறது. பாட வேண்டாம் என்று நான் எழுதியதை மறந்துவிடு.

அன்புடன்,
அக்கா

•

ஆரணி
14-2-1999

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை விரும்பும் தம்பி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். இதை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதைக் கவனிக்கவும்.

டீச்சர் பொய் எழுதக் கூடாது. இரண்டாவது சரணத்தில் ஆர்கன்காரர் கையை எடுத்துவிட்டதை நான் பார்த்தேன். சுருதி எங்கேயோ போயிருக்க வேண்டும். நான் பதினெட்டு வருஷம் ஷெட்டில் வாயசைவு படித்தவன் அக்கா. மூன்றாவது பெஞ்சில் ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், காது கேக்காதாம்" என்றார். உங்கள் சம்பந்தியம்மாள் திரும்பி, "சும்மா இரு" என்றார். நிறுத்திவிடலாமா என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னோடு சேர்ந்து வார்த்தை வார்த்தையாக வாயை அசைத்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கடைசிவரை பாடி முடித்தேன். நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை. பாடினேன், அது போதும்.

முதலாளி சமாச்சாரத்தைக் கல்யாணச் சந்தடியில் சொல்ல விட்டுப்போயிற்று. மூன்று மாதம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, டிசம்பரில்தான் போய் நின்றேன். எனக்குக் காது போய்விட்டது, ஆறு தறி முடியாது, நாலுதான் பார்ப்பேன், ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றேன். "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் "இன்னா?" என்றார். மூன்றாவது தடவை என் வாயையே உற்றுப் பார்த்தார். அவரும் இருபது வருஷம் தறி ஓட்டி முதலாளி ஆனவர்தானே. போனில் அவர் கத்துவதைப் பார்த்துக் கோபக்காரர் என்று இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தோம். வேலூர் விலாசத்தை வாங்கி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். "நாலு பாத்துக்கோ. கூலியும் நாலுக்குத்தான்" என்றார். சரி என்று வந்துவிட்டேன். வீட்டில் கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் ஓடுகிறது. குப்புராஜும் இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

கை நடுக்கம் குறைந்திருக்கிறது. காப்பி தளும்புவதில்லை. காது மெஷின் இன்னும் வாங்கவில்லை, பார்க்கலாம்.

ஷெரினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் தெருவில் ஓடும்போது விழுந்துவிட்டாளாம். முட்டியில் நல்ல அடி. நான் வீட்டுக்குள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அபிதகுசாம்பாள் அக்கா பார்த்துவிட்டுப் பிறகு சொன்னார். விழுந்த இடத்தில் அவள் அழவில்லையாம். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து, நொண்டிக்கொண்டே வாசல்படி ஏறி உள்ளே வந்திருக்கிறாள். வந்து, என்னைச் சுற்றிக்கொண்டு எதிரே நின்றாள். நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

மச்சானுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். கடிதம் போடுங்கள்.

உங்கள் தம்பி,
பவுல்துரை